சொல் வந்த வழி – 17: பெயர் கெட்ட யெந்தே

நியூயார்க்கில் ஒரு பெண்ணை ‘யெந்தா’ என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவாள். ஊர்வம்பு அளப்பவள், அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராதவள் என்று அர்த்தம். ஆனால் ஐரோப்பிய யூதர்கள் தங்கள் பெண்குழந்தைகளுக்கு ஆசையாக வைத்த பெயர் அது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி யித்திஷ். அடிப்படை ஜெர்மன், எழுத்து ஹீப்ரு. பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்து ரைன் நதிக்கரைக்கு வந்த குடும்பங்கள் மூலம் சில பழைய சொற்களும் அதில் சேர்ந்தன. ‘ஜென்டீலே’ என்ற பெண்பெயர் அப்படி வந்ததுதான். நற்குடியில் பிறந்தவள், பண்பானவள் என்று பொருள். ‘ஜென்டில்மேன்’ என்கிறோமே, அதற்கும் வேர் ஒன்றே. அது வாய்வழக்கில் ‘யெந்தே’ ஆனது, நியூயார்க்கில் ‘யெந்தா’. செல்லமாகக் கூப்பிட்டால் ‘யெந்தெல்’. நோபல் பரிசு பெற்ற ஐசக் பஷேவிஸ் சிங்கரின் கதையில், ஆண்வேடம் போட்டுக்கொண்டு யூதச் சமய நூலான தால்முட் படிக்கப் போகும் பெண்ணுக்கு இதுதான் பெயர்.

இந்தப் பெயரின் மானத்தை வாங்கியவர் ஒரு பத்திரிகைக்காரர். 1897-ல் நியூயார்க்கில் தொடங்கிய யித்திஷ் நாளிதழ் ‘ஃபோர்வர்ட்ஸ்’. அதில் பி. கோவ்னர் என்ற புனைபெயரில் எழுதியவர் ஜேக்கப் ஆட்லர். (அதே பெயரில் ஒரு பிரபல நாடக நடிகரும் இருந்தார், அவர் வேறு.) 1910-களில் கோவ்னர் உருவாக்கிய பாத்திரம் யெந்தே தெலெபெந்தே. வாய் மூடாதவள். கணவன் மெண்டெல் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் படிக்கவே வாசகர்கள் காத்திருந்தார்கள். அவள் நாடகமேடை ஏறினாள், கிராமபோன் தட்டுகளிலும் திட்டினாள். பிறகு எந்தத் தாய் மகளுக்கு அந்தப் பெயரை வைப்பாள்? ஒரு நகைச்சுவைத் தொடருக்கு இவ்வளவு சக்தி என்பதில் எங்கள் தொழிலுக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

1964-ல் பிராட்வேயில் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ என்ற இசைநாடகம் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. அதில் வரும் கல்யாணத் தரகியின் பெயர் யெந்தே. நாடகம் 3,242 முறை மேடையேறியது. யெந்தா என்றாலே தரகி என்று அமெரிக்காவில் பலர் நம்பத் தொடங்கினார்கள். அந்த நாடகத்துக்கு மூலம் யித்திஷ் எழுத்தாளர் ஷோலம் அலெய்கெமின் தெவ்யே கதைகள். அங்கே தரகர் எப்ராயிம் என்ற ஆண். தரகருக்கு யித்திஷில் ‘ஷத்கன்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.