தோற்றுப்போன கரும்பின் பெயர்

கடலூர் மாவட்டத்துக் கரும்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெல்லிக்குப்பத்து ஆலையில் தொடங்குவர். சங்கப் பயிற்சி உடையோர், அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தியையும் சேர்த்துக்கொள்வர். இவையெல்லாம் கரும்பு வென்ற கதைகள். அது தோற்ற கதையை, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தட்டுகளில் வளர்த்துப் பேணப்படும் பூஞ்சைகளிடம்தான் கேட்க வேண்டும்.

செவ்வழுகல் என உழவர் அறிந்த நோயின் பூஞ்சை அது. தோகை காயும். கழியை நெடுக்கில் பிளந்தால் உள்ளே செந்நிறமும் குறுக்கே வெண்திட்டுகளும் தெரியும். புளித்த நாற்றம் எழும். நோய்ப்பட்ட கரணையை நட்டால் அடுத்த பயிரும் போயிற்று. இப்பூஞ்சைக்கு 1893இல் ஜாவாவிலிருந்த டச்சுத் தாவரவியலார் வெண்ட், கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் எனப் பெயரிட்டார். பிற்சொல் அரிவாள் வடிவினது எனப் பொருள்படும். வித்துகளின் வளைவைக் கண்டு இட்ட பெயர். கரும்பை வெட்டும் கருவியும் அதனை மாய்க்கும் உயிரும் ஒரே உவமைக்குள் வந்தது தற்செயல்தான் என்றாலும் தமிழ் படித்தவனுக்கு அதைக் கடந்துபோக மனம் வருவதில்லை. 1901இல் பார்பர் கோதாவரிக் கழிமுகத்தில் இந்நோயைக் கண்டார்; 1906இல் பட்லர் விரிவாக ஆராய்ந்தார்.

பூஞ்சையைத் தனித்துப் பிரித்து வளர்க்க ஒரு தளம் வேண்டும். மூடியுள்ள வட்டத் தட்டு 1887இல் பெட்ரி என்னும் ஜெர்மானியர் தந்தது. அதில் ஊற்றும் அகர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்; நம் மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்துப் பாசியும் அதைத் தரும். அகரை ஆய்வுக்கூடத்துக்குப் பரிந்துரைத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் இல்லத்தரசி. ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் அவர் கற்ற சமையல் நுட்பம் அது. நோய்க்குப் பெயர் கிடைத்த தீவிலிருந்தே அதை வளர்க்கும் தளமும் வந்தது எனலாம்.

ஓட்ஸ் கஞ்சியோடு அகர் கலந்த தட்டில் நோயுற்ற திசுவின் சிறு துண்டை வைத்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் பஞ்சுபோல் படர்ந்துவிடும். வெளிறிய நிறத்தில் வித்துகளை மிகுதியாக ஈனும் வகை பொதுவாகக் கொடியது. கருத்த வகை அவ்வளவு வீரியமற்றது.

இவ்வாறு பிரித்த வகைகளுள் முதன்மையானவற்றுக்கு வரிசை எண் உண்டு. ஒவ்வொன்றின் அருகிலும், அது எந்தக் கரும்பிலிருந்து எடுக்கப்பட்டதோ அதன் பெயர் நிற்கும். சிஎஃப் 04 என்றால் கோ 419. சிஎஃப் 05 என்றால் கோ 997. சிஎஃப் 06 நமக்கு உரியது: கோ.க. 671. அப்பெயரில் 'கோ' கோயம்புத்தூர், 'க' கடலூர். கோயம்புத்தூரில் கருவுற்று, கடலூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கரும்பு அது. விரைவில் முதிர்வது, சர்க்கரைச் சத்து மிக்கது. ஆலைகள் விரும்பின, மகாராஷ்டிரம், குஜராத் வரை பரவிற்று. தமிழகக் கடலோரத்திலும் குஜராத்திலும் செவ்வழுகல் அதனை வீழ்த்தியது. ஒரே இரகத்தை மைல்கணக்கில் நட்டு, அதே வயலின் கரணையையே மீண்டும் விதையாக்கும் வழக்கம் பூஞ்சைக்கு அளித்த விருந்து என்றே நான் கருதுகிறேன்.

அக்கரும்பின் திசுவைத் தட்டில் வளர்த்தபோது தோன்றிய மாறுபாட்டிலிருந்து கோ 94012 பிறந்தது. மகன் தந்தையைவிட மேலோங்குவான் என எதிர்பார்த்தனர். அதிலிருந்து பிரித்த பூஞ்சைதான் சிஎஃப் 12. உத்தரப் பிரதேசத்தின் பெரும்பரப்பை ஆண்ட கோ 0238உம் சரிந்து, சிஎஃப் 13க்குத் தன் பெயரைத் தந்தது.

இன்று தென்னகத்தில் புதிய கரும்பு வெளியிடப்படுமுன், கழியில் துளையிட்டு, இப்பூஞ்சைகளின் வித்துக் கரைசலை விட்டு அடைப்பர். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பிளந்து பார்ப்பர். சிவப்பு எத்தனை கணுக்களைத் தாண்டியது என எண்ணுவர். கடலூரில் தேர்வாகும் கரும்பும் சிஎஃப் 06ஐத் தாங்கிக் காட்ட வேண்டும்.