மண்டைக்காட்டு மண்டை

மாசிக் கொடை விழா நெருங்கினால் போதும், குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக்குப் பெயர் வந்த கதையை ஆளாளுக்கு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். மாடு மேய்ந்த மந்தைக்காடு மருவி மண்டைக்காடு ஆனதாம். மாட்டு மந்தையை இன்றும் மந்தை என்றே சொல்லும் நாக்கு, ஊர்ப்பெயரில் மட்டும் ஏன் மடங்கியது? பதில் இல்லை. மற்றொரு சாரார் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தலைவலி தீர அவ்வூர்ப் பகவதி அம்மனுக்கு மண்டையப்பம் நேர்வதுதான் அவர்கள் சான்று. ஊர்ப்பெயரைக் கேட்டு அப்பம் பிறந்திருக்குமே தவிர, அப்பத்தைப் பார்த்து யாரும் ஊருக்குப் பெயர் வைப்பதில்லை.

மண்டை முதலில் கலம். புறநானூற்றுப் பாணன் ஏந்தியதும் இரப்போர் ஏந்தியதும் மண்டையே. கவிழ்த்த கலம்போல் இருந்ததால் தலைக்கு அப்பெயர் ஏறியது. 'ஓடு' என்ற சொல்லும் அப்படித்தான்: திருவோடும் ஓடு, மண்டையோடும் ஓடு. வடமொழிக் கபாலமும் இரண்டையும் குறிக்கும்.

இனிக் காடு. வனம் என்பதோடு நின்றுவிடுவோர் கொங்கிலோ கரிசலிலோ ஒருநாள் இருந்து பார்க்கட்டும். அங்கே 'காட்டுக்குப் போறேன்' என்றால் புன்செய்க்குப் போகிறேன் என்று பொருள். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் வைத்த காடு வாழ்த்திலோ காடு என்பது பிணம் சேரும் இடம். காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடும் ஈமப்புறங்காடே.

வெள்ளாமைக்கும் பிணத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? வனத்தை வெட்டித் திருத்திய முதற்குடி, தன் முன்னோரையும் அந்த நிலத்திலேயே இட்டது. ஊர் பெருகிப் பொது இடம் வந்தபின்தான் சுடுகாடு, இடுகாடு என்று அடை கொடுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான் சொல்வதைக் குமரியில் கண்ணால் பார்க்கலாம். காட்டின் வேலையை அங்கே 'விளை' செய்கிறது. நுள்ளிவிளை, மாடத்தட்டுவிளை என்று ஊர்ப்பெயராகவே நிற்கும் சொல். விளைவது விளை, வயலுக்கு இது ஆகாது, மேட்டு நிலத்துக்கே உரியது. அப்படியொரு விளைக்குள் போனால் வீடு, தென்னை, இடையிடையே மரச்சீனி. மூலையில் சுண்ணாம்பு உதிர்ந்த குடும்பத்துச் சமாதி, அதன் மாடக்குழியில் எண்ணெய்ப் பிசுக்கு. மரச்சீனி வரிசை சமாதித் திண்டை ஒட்டியே ஓடும், யாருக்கும் கூச்சமில்லை. கிறிஸ்தவர்களும் புதைக்குமிடத்தைக் கல்லறைத் தோட்டம் என்றுதானே சொல்கிறார்கள்! 1999-ஆம் ஆண்டுக் கிராம ஊராட்சி விதிகள் வந்து இடுகாட்டுக்கு உரிமம் கேட்பது நேற்றைய சங்கதி.

கலத்துக்கும் காட்டுக்கும் என்ன உறவு என்பவர், இறந்தவனை இடக் குயவனிடம் பெரிய தாழி வனையச் சொல்லும் புறப்பாட்டுகளைப் படிக்கட்டும். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பிணத்துக்குச் சொன்ன ஐந்து வழிகளுள் தாழியால் கவிப்பதும் ஒன்று. 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிய ஆதிச்சநல்லூர், 114 ஏக்கர் பரப்புள்ள தாழிக்காடு.

மண்டைக்காட்டில் தாழி எடுத்துக் காட்டு என்பார்கள். அது மண்வெட்டிக்காரர் வேலை. தாழிக்கு மண்டை என்ற பெயர் எந்த நூலில் உண்டு என்றும் மடக்குவார்கள். ஏட்டில் ஏறாத வழக்கு எத்தனையோ. என்னைப் பொறுத்தவரை மண்டை கலமே. அந்தக் காடு, அதை முதலில் திருத்திய குடியின் இடுகாடே.