காய்ச்சலும் கல்வியும்

தம்பலகாமத்தின் பெருமை பேசுவோர் ஆதிகோணநாயகர் கோயிலைச் சொல்வர். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்களைச் சொல்வர். அவ்வயல்களில் இறங்கி உழைத்தவனின் உடலைத் தலைமுறை தலைமுறையாகத் தின்ற காய்ச்சலுக்குக் கல்வெட்டு இல்லை. குளத்தை எந்த மன்னன் கட்டினான் என்று ஆராய்வோர் பலர். குளத்தின் கீழ் வாழ்ந்தோர் எத்தனை பேர் குளிரில் நடுங்கிக் கிடந்தனர் என்று கேட்போர் அரியர். நாம் அதனை இங்கே கேட்க விரும்புகிறோம். அதிலும், அந்நோயைப் பற்றி நோயாளிக்கு யார், எந்த மொழியில், என்ன சொன்னார்கள் என்பதே நமது வினா.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதே பொருள். 1897இல் ரொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டறியும் வரை, சதுப்பு நிலத்து ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என மேனாட்டு வைத்தியரும் நம்பியிருந்தனர். ஆகவே, ‘தண்ணீர் சேரவில்லை’ என்று சொன்ன உழவனை அறிவிலி என எள்ளுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. நீருக்கும் நோய்க்கும் உறவுண்டு என்ற அளவில் அவன் பாதி உண்மையைக் கண்டிருந்தான். மற்றைப் பாதியை அவனுக்கு எடுத்துரைக்க வேண்டியவர் கற்றோர் அன்றோ?

அவ்வாறு எடுத்துரைக்க முன்வந்தோருள் முதன்மையானவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிஷன் வைத்தியர், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, அறுபதுக்கு மேற்பட்ட இளைஞரைப் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர்; கிராமம் கைவிடப்பட்டது. இதனைக் கண்ட கிறீன் 1864இல் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். ‘இரணவைத்தியம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய பெருநூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், நோயாளியின் மொழியில் பேசாத வைத்தியம் நோயாளியின் வாசலோடு நின்றுவிடும் என்பதை நம்மவர் பலருக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார். நூறாண்டுக்குப் பின்னும், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் கீழ், கீழ்மாகாணத்துத் தமிழ் நோயாளி தன் மருந்துத் துண்டை யாரிடம் கொடுத்து வாசிப்பிப்பது என்ற வினா நின்றது.

மருந்தோடு அறிவுரையும் வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி சான்றாகும். நோய் வந்தபின் ஆஸ்பத்திரி என்பதற்கு மாறாக, மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு தேடிச் செல்லும் முறை அங்கே உருவாயிற்று. ஆனால் அது ஓரிடத்து ஏற்பாடே. எட்டாண்டுகளில் வந்த பேரழிவு அதன் சிறுமையைக் காட்டிவிட்டது.

1934இல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. வெயில் படும் தெளிந்த தேக்க நீரிலே பெருகும் அனோபிலிஸ் நுளம்புக்கு அவை தொட்டில்களாயின. தென்மேற்கே, கேகாலை, குருநாகல் பகுதிகளில் நோய் தீயெனப் பரவி, சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. கொயினாவும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்ற இடதுசாரி இளைஞருள் என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தையா’ என்ற பெயரே நிலைத்தது. பசித்தவனுக்குச் சுகாதாரம் போதிக்குமுன் சோறு கொடுக்க வேண்டும் என்று அவ்விளைஞர் அறிந்திருந்தனர்.

அப்பெருங்காய்ச்சலைக் குறித்துப் பல அறிக்கைகள் எழுந்தன. தம்பலகாமம் போன்ற வறண்ட வலயத்து ஊர்களிலோ காய்ச்சல் ஒரு நிகழ்ச்சியன்று. ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. சிறுவயது முதல் மீண்டும் மீண்டும் நோயுற்றோரின் உடல் அதனை ஓரளவு தாங்கப் பழகிவிட்டது. ஆனால் மண்ணீரல் வீங்கிற்று. அதனைத் தமிழர் ‘காய்ச்சற்கட்டி’ என்றனர். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என அறிய, வைத்தியர் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் இடது வயிற்றைத் தடவிக் கணக்கெடுப்பது வழக்கமாயிருந்தது. ஆசிரியராகிய நமக்கு இக்கணக்கு வேதனை தருகிறது. வகுப்பில் உறங்கி விழுந்த எத்தனை பிள்ளைகளை மந்தபுத்தி எனப் பிரம்பால் அடித்திருப்பார்கள்!

1946இல் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஏறத்தாழ 28 லட்சமாயிருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆயிற்று. வெற்றி மருந்துக்கே என்று எழுதிவிடுவது எளிது. மண்சுவரில் தெளித்த மருந்தின்மேல் சாணத்தால் மெழுகினால் அது பயனற்றுப் போகும். ஏன் மெழுகக்கூடாது என்பதை வீட்டுக்காரிக்கு விளங்கவைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

வெற்றியே பகையாயிற்று. 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டவரிடம் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் பழக்கமும் தளர்ந்தது. 1967இல் தொடங்கிய மறுபரவலில், 1969இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

இந்நாட்டில் மிகுந்திருந்த விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் எழும். அதனை வேரறுக்கப் பிறிமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாள் விழுங்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுகிறது. நான்காம் நாள் நெல் அறுக்கப் போகவேண்டிய கூலியாள் மீதி மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும்? ‘சொன்னபடி செய்’ என்பது இதற்கு விடையாகாது. ஈரலில் ஒளிந்த கிருமியின் கதையை அவனுக்கு விளங்கும் தமிழில் ஐந்து நிமிடம் சொல்வதே விடை. நெரிசல் மிக்க வெளிநோயாளர் பகுதியில் அந்த ஐந்து நிமிடமே அரிய மருந்து.

போர்க் காலத்தில் வடக்கும் கிழக்குமே நோயின் பெருஞ்சுமையைத் தாங்கின. அந்நிலையிலும் களப்பணியாளர் இரு தரப்பு எல்லைகளையும் கடந்து வேலை செய்தனர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நுளம்பு ஒழியவில்லை. அதே 2016இன் முடிவில், நகரத்துக் கிணறுகளிலும் பெருகவல்ல புதியதோர் அனோபிலிஸ் இனம் மன்னாரில் கண்டறியப்பட்டது. பிறநாடு சென்று மீள்வோர் உடலில் கிருமி இன்றும் வருகிறது. காய்ச்சலோடு செல்பவர் தாம் சென்றுவந்த நாட்டையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பது, மலேரியாவையே அறியாது வளர்ந்த நம் மாணவருக்குப் புதிய பாடம்.

டெங்குவோ பழைய பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டது. இதன் நுளம்பு வாய்க்காற் குட்டையை நாடாது. முற்றத்துச் சிரட்டையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பிறந்து, பகலிற் கடிக்கும். இரவில் வலைக்குள் படுத்தால் போதும் எனத் தந்தையர் கற்றது இதற்கு உதவாது. 2017இல் நாடெங்கும் 1,86,000க்கு மேற்பட்டோரை இந்நோய் தாக்கியபோது, தம்பலகாமத்துக்கு அயலிலுள்ள கிண்ணியா முதலில் அடிபட்ட ஊர்களுள் ஒன்றாயிருந்தது.