ஒரு மணி நேரப் பறப்பு, நாற்பது வருடக் காத்திருப்பு

அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள நோம் விமான நிலையத்திற்கும், ரஷ்யாவின் சுக்கோத்காவிலுள்ள புரொவிதேனியா விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறக்குறைய 375 கிலோமீற்றர். ஜெட் விமானத்தில் ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை. ஆயினும் இடையே சர்வதேசத் திகதிக்கோடு செல்வதால், ஞாயிறு காலை நோமில் புறப்படுபவர் திங்கட்கிழமையிலேயே சென்று இறங்குவார்.

பனிப்போர் என்றதும் பத்திரிகையாளர்களாகிய நாம் பேர்லின் சுவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினோம். பெரிங் நீரிணையின் குறுக்கே தொங்கிய 'பனித்திரை' எமது வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களில் இடம்பிடித்தது மிக அரிது. அங்கு வாழ்ந்தோர் தொகையிற் சிறியவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அலாஸ்காவுக்குச் சொந்தமான சென் லோரன்ஸ் தீவின் யூப்பிக் மக்களும் எதிர்க்கரையிலுள்ள சாப்ளினோ மக்களும் ஒரே மொழி பேசும் இரத்த உறவினர்கள். 1867 இல் ரஷ்யா 72 இலட்சம் டொலருக்கு அலாஸ்காவை விற்ற பின்னரும் இவர்களது போக்குவரத்து நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சோவியத் யூனியனுக்கு வழங்கிய ஏறக்குறைய 8,000 விமானங்கள் இதே வான்வழியாகவே பறந்து சென்றன. போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 இல், எல்லை மூடப்பட்டது. போர் விமானங்களுக்குத் திறந்திருந்த வழி, தாய்மாமனைப் பார்க்கச் செல்பவனுக்கு அடைபட்டது!

எண்பதுகளில் நோம் நகரின் காணி விற்பனை முகவர் ஒருவர், பலூன்களிற் கடிதங்களையும் சிறு பரிசுகளையும் கட்டி எதிர்க்கரையை நோக்கிப் பறக்கவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். 1987 ஆகஸ்ட் 7 ஆம் திகதி அமெரிக்க நீச்சல் வீராங்கனை லின் கொக்ஸ், சிறிய டயமீட் தீவிலிருந்து சோவியத் வசமிருந்த பெரிய டயமீட் தீவுக்கு உறைகுளிரில் நீந்திச் சென்றார். அவ்வருட டிசம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் கொர்பச்சேவ் அவரை நினைவுகூர்ந்து பேசினார்.

1988 ஜூன் 13 ஆம் திகதி அலாஸ்கா எயார்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று நோமிலிருந்து எண்பது பேர் வரையில் ஏற்றிக்கொண்டு புரொவிதேனியாவில் இறங்கியது. அலாஸ்கா ஆளுநர் ஸ்டீவ் கூப்பர் அதில் இருந்தார். அரசியல்வாதிகளைப் பற்றி எழுத வேறு பலர் உள்ளனர். எனக்கு முக்கியமாகப் படுவோர் அவர்களுடன் சென்ற யூப்பிக் முதியவர்களே. சிறுவயதிற் பிரிந்த உறவினரை அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கண்டு, இரு தரப்பாரும் மறக்காதிருந்த தாய்மொழியில் உரையாடினர். உடன்வந்த அதிகாரிகளுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டனர். ஒருநாட் பயணம் என்பதால் விமானம் அன்றே திரும்பிவிட்டது.

மறுவருடம், நீரிணையின் இருபுறத்துப் பூர்வகுடிகளும் விசாவின்றி உறவினரைச் சந்திக்க வழிவகுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. உக்ரைன் போரையடுத்து 2022 மார்ச்சில் அமெரிக்கா ரஷ்ய விமானங்களுக்குத் தனது வான்வெளியை மூடியது. நோமிலிருந்து புரொவிதேனியா செல்ல விரும்புபவர் இப்போது மூன்றாம் நாடொன்றின் ஊடாக, ஏறத்தாழ உலகையே சுற்றிவர வேண்டும். சென் லோரன்ஸ் தீவின் காம்பெல் கிராமத்தவரோ, வானம் தெளிந்த நாட்களில் தமது கரையில் நின்றவாறே சுக்கோத்கா மலைகளைக் காண்கிறார்கள்.