மார்கழியில் தென்கரை: காலிக்கும் வஹகோட்டைக்கும் இடையே ஒரு வரலாறு

மார்கழி பிறந்ததும் இலங்கையின் தென்கரை உல்லாசப் பயணிகளால் நிறையத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் காலம் அது. அதே நாட்களில் வடகீழ்ப் பருவமழை மாத்தளை மாவட்டத்தை நனைத்துக் கொண்டிருக்கும். மழையை விட்டு வெயிலை நாடி, மலைநாட்டார் பலர் குடும்பத்தோடு தெற்கே புறப்படுவர். ஹிக்கடுவை, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ என்று பாதை நீளும். கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் அதிவேகப் பாதை 2011இல் திறக்கப்பட்டபின் பயண நேரமும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்தப் பாதையை மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டையிலிருந்து நோக்கினால் வரலாறு வேறு முகம் காட்டும். புனித அந்தோனியார் ஆலயத்தால் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கிராமம் இது. கண்டி மன்னரிடம் சிறைப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களே இவ்வூரார் என்பது வழிவழி வந்த செய்தி. இன்று அவர்கள் பேசுவது சிங்களம்.

1638 மார்ச்சில் கன்னொருவைப் போரில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். அவ்வாண்டே ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1640 மார்ச் 13ஆம் நாள் காலிக் கோட்டை வீழ்ந்தது. ஆனால் ஒல்லாந்தர் அதை மன்னனிடம் ஒப்படைக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டனர். கரையோரத்தில் அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்தபோது, அச்சமயத்தார் பலருக்குப் புகலிடமானது பௌத்த மன்னரின் கண்டி இராச்சியமே. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள், 1711இல் மறையும்வரை தளமாகக் கொண்டதும் கண்டியையே. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

தமிழ் வாசகர் தென்கரையில் தவறவிடக்கூடாத ஊர் ஒன்றுண்டு. மாத்தறைக்கு அப்பால், ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில் உள்ள தெவிநுவர. 1344இல் இங்கு வந்த இபின் பதூதா, ஆயிரம் அந்தணரும் யோகிகளும் இருந்த பெருங்கோயிலைப் பற்றி எழுதிவைத்தார். சீனக் கடற்றளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப்பகுதி, இக்கோயிலின் தெனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. சீனமொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் ஒத்த காணிக்கைகள் கூறப்படுகின்றன.

1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலைச் சூறையாடி இடித்தனர். கொழும்பை முற்றுகையிட்டிருந்த சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கனின் கவனத்தைத் திருப்புவதே நோக்கம். கல்வெட்டோ 1911இல் காலியில், ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

காலிக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். அதன் மதில்மேல் நின்று படம் எடுக்காத பயணி இல்லை. அதைக் கட்டத் தொடங்கியவர்கள் தெவிநுவரவில் இடித்ததையும், அவர்களுள் தோற்றுச் சிறைப்பட்டோரின் பிள்ளைகள் மலைநாட்டில் அயலாரோடு அயலாராய்க் கலந்ததையும் அங்கு நினைப்பவர் சிலரே. வென்றவரும் தோற்றவரும் இத்தீவில் பலமுறை இடம் மாறியிருக்கின்றனர். யார் அந்நியர் என்று இன்றும் வழக்காடுவோர், தெற்கே போகுமுன் ஒருமுறை வஹகோட்டைக்குச் சென்று வருவது நல்லது.