லேபிள் வெட்டின கேசட்டுகள்



"ரிட்டயர் ஆன டீச்சருக்கு வீடியோ கேம் எதுக்குங்க?" என்று சொந்தத்தில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். டிவி கேம் காலத்திலிருந்து விடாத பழக்கம் இது. இப்போது என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையோடு சேர்ந்து, கேம்களைப் பற்றித் தமிழில் ஒரு இணையதளம் தொடங்குகிறேன். அதில் ஒவ்வொரு கேமுக்கும் முதல் வரியாக வரப்போவது, அதைச் செய்தவர் யார் என்பது. மார்க் போடுவதெல்லாம் அப்புறம்தான். இது என் பிடிவாதம். காரணம் கொஞ்சம் நீளம், டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

1977-ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், டிவியோடு இணைத்து விளையாடும் ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேசட்டை மாற்றினால் விளையாட்டு மாறும். அதன் வேலை நினைவகம் வெறும் 128 பைட். நான் இப்போது எழுதும் இந்த ஒரு வாக்கியம்கூட அதற்குள் அடங்காது. அந்த இடுக்கில் படம், சத்தம், கணக்கு எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்தார். அட்டையில் அவர் பெயர் இருக்காது, நிறுவனத்தின் பெயர் மட்டும்தான்.

1978-ல் அட்டாரியின் தலைமைக்கு வந்தவர் ரே காசர். எங்கிருந்து வந்தார் தெரியுமா? பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனியிலிருந்து. நம்ம தொழில்காரர்! டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கேப்ளன் என்ற நான்கு பேர் செய்த கேசட்டுகள் நன்றாக விற்றன. அவர்கள் பெயரும் நியாயமான பங்கும் கேட்டுப் போனார்கள். டவலுக்கு டிசைன் போடுகிறவர்கள் மாதிரிதான் நீங்களும் என்கிற தோரணையில் அவர் பேசியதாகப் பின்னாளில் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு இரட்டைக் கோபம். டவலுக்கு டிசைன் போடுவது மட்டும் என்ன இளப்பமா?

நால்வரும் வெளியேறி, 1979-ல் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். செய்தவர் பெயரை அட்டையிலேயே போட்டார்கள். கிரேன் செய்த 'பிட்ஃபால்' 1982-ல் சக்கைபோடு போட்டது.

வாரன் ராபினெட் என்பவர் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 'அட்வெஞ்சர்' என்ற கேமில், பின்னணி நிறத்திலேயே ஒரு சின்னப் புள்ளியை ஒளித்துவைத்தார். அதைக் கண்டுபிடித்துச் சரியான சுவருக்கு எடுத்துப்போனால் ரகசிய அறை திறக்கும். அங்கே, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். மேலதிகாரிகளிடம் மூச்சுவிடவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, விளையாடிய ஒரு பையன் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

நம்ம ஊருக்கு வருகிறேன். 1983-ல் ஜப்பானின் நிண்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. 90-களில் நீங்கள் ஆடிய டெர்மினேட்டர், லிட்டில் மாஸ்டர் எல்லாம் அதன் நகல்கள். மஞ்சள் கேசட், மேலே '9999 இன் 1' என்று இருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். (கணக்குப் பாடத்தில் உங்களுக்கு வராத சந்தேகம் அங்கே மட்டும் எப்படி வந்ததோ!) சனிக்கிழமை சம்பளம் வந்தால் அப்பாவிடம் கேசட் கேட்டு அடம்பிடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அந்த நகல் கேசட் பலவற்றில், கேம் தொடங்கும் திரையில் இருக்க வேண்டிய கம்பெனி பெயரையும் வருடத்தையும் அழித்திருப்பார்கள். காதர்பேட்டையில் லேபிளை வெட்டிவிட்டு விற்கிற எக்ஸ்போர்ட் பனியன் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதேதான்.

1985-ல் வந்த மரியோவுக்குப் பின்னால் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி டெசுகா என்ற ஆட்கள் இருந்தார்கள். அந்த இசை கோஜி கோண்டோ போட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் கிராஃப் தாளில் கையால் வரைந்துதான் திட்டமிட்டார்கள். காலர் ஜக்கார்டுக்கு நம்மவர்கள் கட்டம் கட்டமாக வரைந்தது நினைவிருக்கிறதா? கட்டத்தை நிரப்பினால் நூல் மேலே வரும், அங்கே வெளிச்சப் புள்ளி வரும். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் பவர் டேபிளில் உட்கார்ந்து, யாரோ ஒருவரின் பெயரை ஆயிரக்கணக்கான கழுத்துப்பட்டிகளில் தைத்தவர்கள். ஒன்றில்கூட அவர்கள் பெயர் இல்லை. அதனால்தான் இந்தப் பிடிவாதம்.

தளத்தில் முதலில் வரப்போவது 'வெண்பா'. டொரண்டோவில் அபி என்ற நம் தமிழ்ப் பிள்ளை தொடங்கிய விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை நாமே யோசித்து, இட்லி வேகவைக்க வேண்டும். 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. இதன் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நான் இரண்டு முறை பார்த்தேன்.

உங்களிடம் ஒரு வேலை. அட்டத்தில் பழைய கேசட் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், தொடக்கத் திரை மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்தக் கேமை உங்கள் தெருவில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித்தான் போடுவேன்.