ஒய் இருந்தால் அகற்று: ஒரு மருத்துவ விதியின் வரலாறு

1953-இல் அமெரிக்க நோய்க்குறியியலாளர் ராபர்ட் ஸ்கல்லி ஒரு புதுவகைக் கட்டிக்கு ‘கோனடோபிளாஸ்டோமா’ என்று பெயரிட்டார். சரியாக உருப்பெறாத பாலினச் சுரப்பிக்குள் பெருத்த இனச்செல்களும் சிறிய துணைச்செல்களும் கூடு கூடாகத் திரண்டிருக்கும். நடுவே பளிங்கு உருண்டைகளும் சுண்ணாம்புப் படிவும். அந்தச் சுண்ணாம்பு சிலருக்கு எக்ஸ்ரே படத்திலேயே பொட்டுப் பொட்டாகத் தெரியும். இக்கட்டி பரவாது. ஆனால் கூட்டைத் தாண்டி இனச்செல்கள் பெருகினால் அது டிஸ்ஜெர்மினோமா என்னும் புற்றாகிவிடும். 1970-இல் ஸ்கல்லி 74 பேரின் விவரங்களைத் தொகுத்தார். அவர்களில் பெரும்பாலோரிடம் ஒய் குரோமோசோம் இருந்தது.

அதே 1953-இல் ஜான் மாரிஸ் 82 பேரைப் பற்றி எழுதினார். தோற்றத்திலும் வாழ்விலும் பெண்கள், உள்ளே விந்தகம். ஆண்ட்ரோஜன் ஹார்மோன் சுரந்தும் உடல் அதை ஏற்பதில்லை. இவர்களுடைய விந்தகம் ஓரளவு ஒழுங்காக உருவானது. ஸ்கல்லி கண்ட சிதைந்த சுரப்பியோடு அதைச் சேர்க்கலாகாது. நடைமுறையிலோ இரண்டும் ‘ஒய் இருந்தால் அகற்று’ என்ற ஒரே விதிக்குள் அடங்கின. சலுகை ஒன்றுதான்: மாரிஸ் சொன்ன பெண்களுக்குப் பருவம் எய்தும்வரை பொறுத்திருக்கலாம்.

1976-இல் மானுவேல், கட்டயாமா, ஜோன்ஸ் ஆகியோர் விதிக்குக் கணக்குக் காட்டினர்: இப்பெண்களுக்குக் கட்டி வரும் வாய்ப்பு 25 வயதுக்குள் 3.6%, 50 வயதுக்குள் 33%. இரண்டாம் எண்ணை நான் அவ்வளவாக நம்பவில்லை. பழைய கட்டுரைகளிலிருந்து திரட்டிய கணக்கு அது. கட்டி வந்தவர்தான் கட்டுரைக்குள் வருவார், நலமாக முதுமையடைந்தவர் வரமாட்டார்.

உயிரியல் வேறு திசையில் நகர்ந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காகெபேக் 1972-இல் புற்றுக்கு முந்தைய செல்களை விந்தக நுண்குழலிலேயே அடையாளம் காட்டினார். 1987-இல் டேவிட் பேஜ், ஒய் குரோமோசோமின் ஒரு பகுதியே கட்டிக்கு இடங்கொடுக்கிறது என்றார். பிற்பாடு ஐயம் டிஎஸ்பிஒய் மரபணுமேல் விழுந்தது. 2000-க்குப் பின் ஆக்ட் 3/4 என்னும் புரதத்துக்குச் சாயமேற்றி அந்தச் செல்களைத் தேடத் தொடங்கினர். அங்கேதான் சிக்கல். வளர்ச்சி தாமதமான குழந்தையின் சாதாரண இனச்செல்லும் அதே சாயத்தை ஏற்கும். அது குழலின் நடுவில் மிதக்கிறதா, அடிச்சவ்வில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இடம் தெரியாமல் சாயத்தை மட்டும் நம்பினால் நல்ல சுரப்பியும் கத்திக்கு இரையாகும்.

2005-இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள், மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அபாயத்தை வகைபிரித்தனர். ஒய் உள்ள, வயிற்றுக்குள் தங்கிய சிதைந்த சுரப்பிக்கு 15–35%. ஆண்ட்ரோஜனை முற்றிலும் ஏற்காத உடலுக்கு 2%. சில வகைகளுக்கான எண்கள் விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளைக் கொண்டவை. ஆயினும் ஒரே விதி அன்றே உடைந்தது.

இந்த வேறுபாடு தமிழ்நாட்டில் சட்டத்தையும் தொடுகிறது. ஊடுபால் குழந்தைகளுக்கு உடலைத் ‘திருத்தும்’ அறுவையை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. அரசாணையும் அதே ஆண்டு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. 2% விலக்கில் அடங்காது என்பதே என் வாசிப்பு. பெண் குழந்தைக்குக் குடலிறக்க அறுவை செய்யும்போது பைக்குள் விந்தகம் தட்டுப்படுவதுண்டு. முன்பெல்லாம் சில வேளை அப்போதே எடுத்துவிடுவார்கள்; பிறகு ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. இன்று ஒரு துணுக்கைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம், அவள் வளர்ந்து தானே முடிவெடுக்கும்வரை.